வெறும் தூக்குச்சட்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒன்பது வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கூலி கிடையாது. பெட்ரோலும் என்னுடையது.

வெறும் கையோடு பாளையங்கோட்டைக்கு வந்து, மிளகாய் வற்றலில் மொத்த வியாபாரம் வரைக்கும் ஏறியவன் இப்படி ஒரு வேலைக்கு எப்படிச் சம்மதித்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும். ஏப்ரலில் நெஞ்சு வலி வந்தது. அடைப்பு என்று ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் கடைப் பக்கம் போகக்கூடாது, வற்றல் நெடி ஆகாது, மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்துக் கத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதவும் சொன்னார். அதற்காக வாங்கிய டைரிதான் இது. வெறும் சாப்பாட்டை எழுத ஒரு வரி போதும் என்பதால் மிச்ச இடத்தில் மற்றதையும் எழுதுகிறேன்.

கடையை மகன் கனகராஜ் பார்க்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்தேன். கடுகு டப்பா அடுப்புக்கு வலது பக்கம் இருந்தால் கை வேலை மிச்சம் என்று ஒருநாள் மனைவி ஜெயக்கொடியிடம் யோசனை சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு நீங்க வெளிய போங்க, இல்ல நான் போறேன்." மறுநாளே என்னை ஸ்டெல்லா சிஸ்டரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

ஸ்டெல்லா சிஸ்டர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கும் வயசாளிகளுக்கு மதியம் ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கிறார். அவர் வீட்டுக் கொல்லையில் சமையல் நடக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள்தான் பஞ்சம்.

"அண்ணாச்சி, மெதுவாப் போங்க. ரசம் சிந்தும்."

"நான் லாரி லாரியா வத்தல் கொண்டாந்து எறக்குனவன் சிஸ்டர். ஒரு காய் சிந்துனது கெடையாது."

சமாதானபுரம் தாண்டுவதற்குள் ரசம் சிந்திவிட்டது.

வேலை முறை எளிது. வீட்டுக்கு இரண்டு எவர்சில்வர் தூக்குச்சட்டி. இன்றைய சட்டியைக் கொடுத்துவிட்டு நேற்றைய சட்டியை வாங்கி வர வேண்டும். வாங்கி வந்தவற்றைத் திறந்தால் ஒன்றுகூடக் காலி இல்லை. ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் முருங்கைக்கீரை, ஒன்றில் கோயில் சுண்டல், ஒன்றில் கொஞ்சம் சீனி.

"இது என்ன சிஸ்டர்?"

"வெறுஞ்சட்டியத் திருப்பிக் குடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. நாம தலைகீழா நின்னாலும்."

சாப்பிட்டது: கோதுமைச் சோறு, உப்பில்லாத அவரைக்காய். சுண்டல் ஒரு கை. அது பிரசாதம், கணக்கில் வராது.

ஜூன் 5, வியாழன்

கடைசி வீடு மகாராஜநகரில். வாசலில் கறிவேப்பிலை மரம்.

"ஆச்சி, சாப்பாடு!"

கதவு திறந்தது. ஒல்லியான உடம்பு, கணீர் என்ற குரல். "யாருக்கு யாரு ஆச்சி? ஒமக்கு வயசென்ன?"

"அறுபத்திரெண்டு."

"எனக்கு எழுபத்தெட்டு. பதினாறு வயசு வித்தியாசத்துல பேரன் எப்படிய்யா பொறப்பான்? அக்கான்னு கூப்பிடும்."

அக்கா என்று கூப்பிட்டேன். பெயர் ஆவுடையம்மாள். நேற்றைய சட்டியில் கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்.

சாயங்காலம் அவர் மகள் காந்திமதி ஓசூரிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. ஒரே பிள்ளை. மே மாதம் அம்மா குளியலறை வாசலில் மயங்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். டாக்டர் சோதித்துப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை, சாப்பிடாததுதான் நோய் என்று சொல்லிவிட்டாராம்.

"ஒத்த ஆளுக்கு என்னத்த சமைக்கன்னு ரெண்டு ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்கா அண்ணாச்சி. இப்ப நாப்பத்தோரு கிலோ. ஆடி பொறக்க முன்னால வருவேன். எடை ஏறியிருந்தா அவ அங்கயே இருக்கட்டும். இல்லன்னா வீட்டப் பூட்டி என்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

சரி என்றேன். கெடு சொன்னாள், அளவு சொன்னாள். இப்படிப் பேசுகிறவர்களோடு கொடுக்கல் வாங்கல் சுலபம். கடையை விட்டு வந்த பிறகு என்னை நம்பி ஒருவர் ஒரு பொறுப்பைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதற்காக ஒன்றும் சந்தோஷப்படவில்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

இந்தச் சட்டி விவகாரம் சரிப்படாது. ஒவ்வொரு வீட்டிலும் நிற்க வேண்டியிருக்கிறது. மூடியைத் தேடுகிறார்கள். கழுவிய சட்டியை மறுபடி கழுவுகிறார்கள். உள்ளே எதையாவது போடுகிறார்கள். பிறகு போட்டதைப் பற்றிப் பேசுகிறார்கள். போஸ்ட் மாஸ்டராக இருந்த செல்வின் சார் இன்று ஒரு எலுமிச்சம்பழத்துக்காக அது காய்த்த மரத்தின் வரலாற்றையே சொன்னார். கன்று வாங்கிய இடத்துக்கு வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கடைசி வீட்டுக்குப் போகும்போது சோறு ஆறிப்போகிறது.

சிஸ்டரிடம் சொன்னேன். சூடு தாங்கும் பார்சல் டப்பா போதும். சாப்பிட்டார்களா, தூக்கிப் போட்டார்களா, வேலை முடிந்தது. டப்பாக்கடைக்காரர் எனக்குப் பழக்கம், சும்மாவே தருவார்.

சிஸ்டர் யோசித்தார். "பாத்திரம்னா ஒரு இது இருக்கு அண்ணாச்சி."

"என்ன இது?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பேரத்தில் காரணம் சொல்லத் தெரியாவிட்டால் தோல்விதான். தோற்றார்.

ஜூன் 12, வியாழன்

டப்பா ஆரம்பம். பையைக் கேட்டில் மாட்டி, மணியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. சோறு சூடாகப் போய்ச் சேர்ந்தது. சாம்பார் சிந்தவில்லை. சிஸ்டரின் ஆட்களுக்குப் பாத்திரம் துலக்கும் வேலையும் மிச்சம். இதை ஏன் முன்பே யாரும் யோசிக்கவில்லை?

நேரம் இருந்ததால் வீட்டுக்கு மார்க்கெட் வழியாகப் போனேன். சுற்று வழிதான், ஆனால் நிழல் அதிகம். எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திக் கடையைப் பார்த்தேன். கனகராஜ் தராசை இடது பக்கம் மாற்றி வைத்திருக்கிறான். வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நல்லது.

ஜூன் 13, வெள்ளி

ஒன்பது வீடு. யாரோடும் பேச்சு இல்லை. வேலை சுத்தம்.

ஜூன் 18, புதன்

காந்திமதி போன்.

"அம்மா சாப்பிடுதாளா அண்ணாச்சி?"

"நல்லாச் சாப்பிடுதாவ. நான் போகும்போது முந்தின நாள் டப்பா கேட்டுகிட்ட காலியாக் கெடக்கு. கழுவிக் கவுத்தி வேற வச்சிருக்காவ."

"நெசமாவா? எனக்கு இப்பதான் மூச்சு வருது."

காலி டப்பா என்றால் சரக்கு விற்றது என்று அர்த்தம். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தைரியமாகச் சொன்னேன்.

சாப்பிட்டது: சப்பாத்தி, சுரைக்காய். மார்க்கெட் முனையில் ஒரு டீ, சீனி இல்லாமல். இன்றும் நிழல் பார்த்துத்தான் போனேன்.

ஜூன் 23, திங்கள்

செல்வின் சார் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தானே வடித்துக்கொள்கிறாராம். போன வாரமே சாந்தி நகரிலும் ஒரு வீடு நின்றுவிட்டது. சிஸ்டர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

சரக்கு அதேதான். முன்பைவிடச் சூடாகப் போகிறது. விலை ஏறினால் ஆள் வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். சும்மா கொடுத்தும் ஆள் நின்றுபோவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

ஆவுடையம்மாள் அக்கா தெருமுனையில் மூக்கையா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறான். இன்று கேட்டில் பையை மாட்டிவிட்டுத் திரும்பும்போது என் வண்டிச் சங்கிலி கழன்றது. அவன் வந்து மாட்டிக் கொடுத்தான். கை துடைக்கத் துணி கேட்டேன். இஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து எடுத்தான். அங்கே நம்முடைய டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேல் டப்பாவில் சட்டைப் பித்தான்கள்.

"நம்ம டப்பா மாதிரி இருக்கே?"

"உங்க டப்பாதான் அண்ணாச்சி. அந்த அம்மா தெனம் கூப்பிட்டுக் குடுக்காவ. ஒண்ணு ரெண்டு கழுவித் திருப்பிக் குடுத்துருவேன், அவுக கேப்பாவ. சாப்பாடு நல்லாருக்கு. உப்புதான் கொஞ்சம் பத்தல. சொல்லிப் பாருங்க."

வீடு வரும்வரை வேகமாக ஓட்டினேன். ஓட்டக்கூடாதுதான்.

ஜூன் 28, சனி

மணி அடித்துவிட்டுப் போகவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். அடுப்பு பற்றவைத்த சுவடே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஆவுடையம்மாள் அக்காவின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. இத்தனை நாள் கேட்டோடு திரும்பியவனுக்கு இது எப்படித் தெரியும்?

"அக்கா, நீங்க சாப்பிடுதியளா இல்லையா?"

"சாப்பிடுதேன்."

"மூக்கையா உப்பு பத்தலன்னு சொல்லுதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"குப்பையில போடுத டப்பாவுல வச்சி, கேட்டுல மாட்டி, மணியடிச்சிட்டு ஓடுனா அதுக்குப் பேரு என்ன வேய்? நாய்க்குச் சோறு வச்சாக்கூட நின்னு பாத்துட்டுத்தான் போவாவ."

"டப்பா சுத்தமான டப்பாக்கா."

"சுத்தத்த யாரு கேட்டா? சட்டி வந்தா நான் திருப்பிக் குடுக்கணும். வெறுமனே குடுக்க முடியாது. காலையில எந்திரிச்சதுமே இன்னைக்கி உள்ள என்ன போடலாம்னு ஒரு நெனப்பு ஓடும். மரத்தப் பாப்பேன். காய்க்காரிகிட்ட நாலு பேச்சு பேசுவேன். அதுல பசியெடுக்கும். இப்ப என்ன இருக்கு? கையேந்தி வாங்கணும், திங்கணும். அம்புட்டுத்தான்."

"சாப்பிடலன்னா ஒங்க மக வந்து கூட்டிட்டுப் போயிருவா."

"தெரியும். அவ வீடு நல்ல வீடு. ஒம்பதாவது மாடி, காத்து பிச்சிக்கிட்டு வரும். மருமகன் தங்கம். ஆனா அங்க நான், ஊருக்குப் போறவ எறக்கி வச்ச பை மாதிரி. வச்ச எடத்துல இருக்கணும். இங்கன்னா கதவத் தொறக்கவும் நான்தான், சாத்தவும் நான்தான்."

"அப்ப அதுக்காகவாவது சாப்பிட வேண்டாமா?"

"அதுக்காகத் தெனம் கையேந்தணுமா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு மோர் எடுத்து வந்தார். தன் வயிற்றுக்கு ஒன்றும் இல்லாத வீட்டில் வந்தவனுக்கு மோர் இருந்தது. குடித்தேன். அதில் உப்பு இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

கனகராஜ் எனக்கு நடைப்பயிற்சிச் செருப்பு வாங்கி வந்தான். என்னிடம் செருப்பு இருக்கிறது என்றேன். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெயக்கொடி வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் அந்த அக்காவும் ஒரே ரகம்."

"என்ன ரகம்?"

"குடுக்க மட்டும் தெரிஞ்ச ரகம். வாங்கத் தெரியாது."

ரகத்தைப் பற்றி இவள் பேசுகிறாள். குண்டு வற்றலுக்கும் நீட்டு வற்றலுக்கும் இவளுக்கு வித்தியாசம் தெரியாது.

ஜூன் 30, திங்கள்

"சிஸ்டர், டப்பா வேண்டாம். பழையபடி சட்டிக்கே போயிருவோம்."

அவர் அலமாரியைத் திறந்தார். தூக்குச்சட்டிகள் துலக்கி, துணி போர்த்தி, வரிசையாக இருந்தன.

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு மாசம் பாப்போம்னு வச்சிருந்தேன் அண்ணாச்சி."

பேரத்தில் தோற்றவர் அவர் இல்லை போலிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

ஆவுடையம்மாள் அக்கா தூக்குச்சட்டியைப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். "கத்தரிக்காயா?" என்றார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "நாளைக்கு வாரும், சட்டி தாரேன்" என்றார்.

நான் விடவில்லை. "மருந்துக்கடை வரைக்கும் வாங்க, எடை பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். என் வண்டியில் ஏற மாட்டாராம். நடந்தே போனோம். முப்பத்தொன்பது.

வந்ததும் காந்திமதிக்குப் போன் செய்தேன். நான் சொன்னது தப்பு, அம்மா ஜூனில் அநேகமாக ஒன்றும் சாப்பிடவில்லை, நான் டப்பாவைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கெட்டுப்போன சரக்கைக் கொடுத்துவிட்டால் வாங்கியவர் கண்டுபிடிக்கும் முன் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

காந்திமதி, "ஒங்கள நம்பித்தான நான் இங்க நிம்மதியாத் தூங்குனேன்" என்றாள். "பன்னெண்டாந்தேதி வாரேன். ரெண்டு டிக்கெட் போடுதேன், திரும்பி வாரதுக்கு."

ஜூலை 4, வெள்ளி

செல்வின் சார் மறுபடி சேர்ந்துவிட்டார். எலுமிச்சை வரலாற்றின் இரண்டாம் பாகம் கேட்டேன். கன்று நாகர்கோவிலில் வாங்கியதாம். கதை இன்னும் முடியவில்லை.

ஆவுடையம்மாள் அக்கா சட்டியில் நேற்று கறிவேப்பிலை. இன்று நார்த்தங்காய். காய்க்காரியிடம் சண்டை போட்டு வாங்கியதாகச் சொன்னார். சண்டை முழுவதையும் சொன்னார். குரலில் தெம்பு இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

இன்று சட்டியில் பருப்புத் துவையல். அடுப்புப் பற்றவைத்து, வறுத்து, அரைத்தது. சிஸ்டர் வீட்டுக்கு அது போய்ச் சேரவில்லை. சாப்பிட்டது என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை.

ஜூலை 10, வியாழன்

டாக்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து கடைக்குப் போகலாம் என்றார். நெடியிலிருந்து தள்ளி உட்கார வேண்டுமாம். கனகராஜிடம் இன்னும் சொல்லவில்லை. அவசரமில்லை.

நாளை மறுநாள் காந்திமதி வருகிறாள்.

ஜூலை 12, சனி

காந்திமதி ஓசூரிலிருந்து எடை பார்க்கும் இயந்திரத்தைப் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். கூடத்தின் நடுவில் வைத்தாள். ஆவுடையம்மாள் அக்கா புடவைக் கொசுவத்தை நன்றாக உதறிச் செருகிக்கொண்டு ஏறினார். நாற்பதரை.

"மே மாசத்தவிடக் கொறவு" என்றாள் காந்திமதி.

"பத்து நாளைக்கு முன்னால முப்பத்தொம்பதும்மா. மருந்துக்கடையில நானே பாத்தேன். ஜூன் மாசத்த என் பேர்ல எழுதுங்க, அது என் தப்பு. ஜூலைய அக்கா பேர்ல எழுதுங்க. ஏறுமுகம்."

"அண்ணாச்சி, போன மாசமும் இதே குரல்லதான் நல்லாச் சாப்பிடுதாவன்னு சொன்னீங்க. இனிமே ஒங்க பேச்சுக்கு என்ன உத்தரவாதம்?"

மார்க்கெட்டில் என் வாய்ச்சொல்லுக்கு லோடு இறங்கும். உத்தரவாதம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இவள் கேட்டாள். கேட்டது நியாயம்.

"துணியெல்லாம் எடுத்து வைம்மா" என்று காந்திமதி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். "போன் அடிச்சாலே அம்மாவுக்கு என்னமோன்னு தோணுது. யாரோ எவரோ சொல்லித்தான் அம்மா கீழ விழுந்தது எனக்குத் தெரியணுமா? நான் கெட்டவளா அண்ணாச்சி?"

"நீ கெட்டவன்னு எவ சொன்னா?" என்றார் அக்கா. எழுந்து போய் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். துணி எடுத்து வைக்க மட்டும் போகவில்லை.

நான் என் பங்கை இறக்கினேன். "இனிமே நான் சட்டியக் குடுத்துட்டுப் போகல. அக்கா சாப்பிட்டு முடிக்க வரைக்கும் இங்கனயே உக்காந்து பாத்துட்டுப் போறேன். தெனமும்."

அக்காவுக்கு வந்ததே கோபம். "காவலா? நான் சோறு திங்கத ஒரு ஆம்பள எதிர்ல உக்காந்து எண்ணிக்கிட்டு இருப்பாரா? தொண்டையில எறங்குமாய்யா?"

"வேற வழி சொல்லுங்கக்கா."

அக்கா எடை இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரக்கை விடுவதா வைப்பதா என்று கணக்குப் போடுகிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நாளைக்கு ஞாத்துக்கிழமை. சிஸ்டருக்கு லீவு. மதியம் இங்க வாரும். ஒத்தையில வர வேண்டாம், வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரும். ஏட்டி காந்திமதி, டிக்கெட் நாளைக்கு ராத்திரிக்குத்தான? அதுக்குள்ள ஒண்ணும் கொறஞ்சி போகாது."

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே ஜெயக்கொடி புடவை மாற்றி மாற்றி உடுத்தினாள். கை வீசிக்கொண்டு போக முடியாது என்று முறுக்கு கட்டிக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் அக்கா சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பால் வாசனை தெருவுக்கே வந்தது. கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. நாலு இலை போட்டிருந்தது. காந்திமதி பரிமாற வந்தபோது, "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டார். எங்கள் மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"இவருக்குத் தேங்காப்பால் ஆகாதுக்கா" என்றாள் ஜெயக்கொடி.

"ஒரு கரண்டி ஊத்துதேன். மிச்சத்துக்கு இஞ்சியத் தொட்டுக்கிடட்டும். நீ ஒன் வீட்டுக்காரரப் பாத்துக்கிட்டே இருந்தா ஒன் இலை காஞ்சி போயிரும், சாப்பிடு."

இரண்டு பேரும் அதற்குள் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடுகு டப்பா விஷயம் வந்தது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். சோறு குறைந்ததும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். சொதியை ஊற்றிக்கொண்டார். அப்பளத்தை நொறுக்கினார். காந்திமதி தன் இலையைத் தொடாமல் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி பாக்க?"

"நீ ரெண்டாந்தடவ சோறு போட்டு நான் பாத்து எம்புட்டு நாளாச்சும்மா."

"ஒத்தையில உக்காந்து திங்கதுக்குப் பேரு சாப்பாடா? அது மருந்து குடிக்கது மாதிரி. இவரு எதிர்ல உக்காந்து பாக்கேன்னு சொன்னாருல்லா, பாக்க வேண்டாம். அவரும் ஒரு தட்டு போட்டுச் சாப்பிடட்டும். அப்ப அவரு எனக்குக் காவல் இல்ல. வந்த ஆளு. வந்த ஆள உக்கார வச்சிட்டு நான் சாப்பிடாம இருக்க முடியுமா?"

நான் யோசிக்க வேண்டும் என்றேன். எதற்கும் உடனே சரி சொல்லிப் பழக்கமில்லை. கடைக்கு வேறு போக வேண்டும். ஜெயக்கொடி குறுக்கிட்டாள். "என்னத்த யோசிக்கீங்க? டாக்டர் போகச் சொல்லிட்டாருன்னு எனக்குத் தெரியும். அரை நாள் போனாப் போதும். இவரு பத்தியச் சாப்பாட்ட நான் கட்டிக் குடுத்து விடுதேன்கா. மீதி வச்சா எனக்குச் சொல்லுங்க."

"நான் என்னத்த திங்கேன்னு இவரு காந்திமதிக்குச் சொல்லுவாரு. இவரு என்னத்த திங்காருன்னு நான் ஒனக்குச் சொல்லுதேன். சரியாப் போச்சா?"

காந்திமதி சிரித்துவிட்டாள். நேற்று உத்தரவாதம் கேட்ட வாய் அது. ஆனாலும் சும்மா விடவில்லை. ஓசூரில் அவளுக்கும் பேரம் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம்தான் தவணை என்றாள். அக்கா ஒரு வருஷம் என்றார். நான் நடுவில் புகுந்தேன். இலை எடுத்த பிறகும் பேச்சு முடியவில்லை. ஜெயக்கொடி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கனகராஜுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து காலையில் மட்டும் கடைக்கு வருவேன் என்றேன். "மத்தியானம்?" என்றான். வேலை இருக்கிறது என்றேன். அந்தச் செருப்பை இன்னும் வைத்திருக்கிறானா என்றும் கேட்டேன். இருக்கிறதாம்.

பேசி முடித்தது இது. திங்கள் முதல் சனி வரை நான் கடைசியாகப் போகும் வீடு ஆவுடையம்மாள் அக்கா வீடு. எனக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். சிஸ்டர் சமையல் அக்காவுக்கு, ஜெயக்கொடி கட்டித் தருவது எனக்கு. அக்கா வைக்கும் ரசம் இருவருக்கும் பொது, அதில் உப்பு மட்டும் ஜெயக்கொடி சொல்லும் அளவு. ஞாயிற்றுக்கிழமை சமையல் அக்காவுடையது. சாப்பிடப் போவது நாங்கள் இருவரும், முடிந்த ஞாயிறுகளில் காந்திமதியும். மாதம் பிறந்தால் எடை பார்க்க வேண்டும். எடையை மகளுக்குச் சொல்வது நான் இல்லை, அக்காவே. அக்காவின் டிக்கெட் இன்று ரத்து. தவணை தை பிறக்கும் வரை.